வாகனம் ஓட்டிக்கொண்டே போன் பேசுபவர்களைக் கொழும்பில் உண்மையிலேயே பிடிக்கிறார்களா?

ஒழுங்கை_வாசல் | வியாழன், இரவு 9.12

வெள்ளவத்தையில் இருக்கிறேன். மகள் தரம் மூன்றில் படிக்கிறாள். பாடசாலை வேனில்தான் போய் வருகிறாள். நேற்றுப் பிற்பகல் அவளை இறக்கிக்கொள்ள எங்கள் ஒழுங்கை முனையில் நின்றேன். வேன் காலி வீதியிலிருந்து இடப்பக்கம் திரும்பியது. வேன் மாமா இடது தோளை உயர்த்தி, போனைக் காதோடு நெரித்துப் பிடித்திருந்தார். இடது கை கியரில், வலது கை ஸ்டியரிங்கில். போன் விழுந்துவிடும் என்பதால் தலையை இடப்பக்கம் திருப்ப அவரால் முடியவில்லை. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர், கையில் மீன் பையோடு, ஒழுங்கையைக் கடக்கக் காலை வைத்துவிட்டார். நின்றது வேன் அல்ல, அந்தப் பெரியவர்தான். வேனுக்குள் பதினொரு பிள்ளைகள் இருந்தார்கள்.

இரவு முழுவதும் தூக்கம் வரவில்லை. இதற்குச் சட்டம் என்ன சொல்கிறது? தண்டம் கட்டிய யாரையாவது உங்களுக்குத் தெரியுமா? முறைப்பாடு செய்தால் ஏதாவது நடக்குமா, அல்லது அவருடைய பிழைப்பில் மண்ணைப் போட்டதோடு முடிந்துவிடுமா?

பத்திரக்கட்டு | வியாழன், இரவு 10.03

அக்கா, நான் சட்டத்தரணி. அளுத்கடையில் வழக்குகளுக்குத் தோன்றுகிறேன். முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன்.

நம் வீதிகளை ஆள்வது 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டம். பலமுறை திருத்தப்பட்டிருக்கிறது. 2009இல் வந்த திருத்தம் பெரியது. வாகனம் ஓட்டும்போது கைபேசியைக் கையில் பிடித்துப் பேசுவது குற்றம். அதில் சந்தேகமே வேண்டாம்.

சாதாரண வீதிக் குற்றங்களில் நடப்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். பொலிஸ் உத்தியோகத்தர் சாரதி அனுமதிப்பத்திரத்தை வாங்கிக்கொண்டு தண்டப் பத்திரத்தை எழுதித் தருவார். அதுதான் 14 நாட்களுக்குத் தற்காலிக அனுமதி. அதற்குள் தபால் நிலையத்தில் பணம் கட்டி, பற்றுச்சீட்டைக் காட்டி அனுமதிப்பத்திரத்தை மீட்க வேண்டும். 14 நாட்கள் தாண்டினால் 28ஆம் நாள் வரை இரட்டிப்பாகக் கட்டலாம். அதையும் விட்டால் நீதவான் நீதிமன்றம். 2025 முதல் அரசாங்கத்தின் இணையக் கட்டண முறையான கோவ்பே வழியாக அந்த இடத்திலேயே கட்டும் வசதியும் படிப்படியாக வந்திருக்கிறது. அரை நாள் சம்பளத்தை இழந்து தபால் நிலைய வரிசையில் நிற்கத் தேவையில்லை.

விபத்து நடந்துவிட்டால் கதையே வேறு. கவனயீனத்தால் ஒருவர் இறந்தால் தண்டனைச் சட்டக்கோவையின் 298ஆம் பிரிவு வரும். ஐந்து ஆண்டுகள் வரை சிறை. அங்கே வந்து நிற்கும் சாரதிகளைப் பார்த்திருக்கிறேன். ஒருவரும் கெட்டவர்கள் அல்லர். 'ஒரு நிமிடம்தான் ஐயா பேசினேன்' என்றுதான் எல்லோரும் தொடங்குவார்கள்.

மருதானைத்_தம்பி | வியாழன், இரவு 10.40

25,000 ரூபா போட்டுப் பாருங்கள். அடுத்த நாளே ஒருவரும் தொடமாட்டார்கள். தண்டம் வலிக்க வேண்டும். இப்போது வலிக்கவில்லை.

பாலைவனக்_காற்று | வியாழன், இரவு 11.15

துபாயிலிருந்து எழுதுகிறேன், சொந்த ஊர் கொட்டாஞ்சேனை. இங்கே போனோடு பிடிபட்டால் 800 திர்ஹம் தண்டம், அதோடு 4 கரும்புள்ளிகள். 24 புள்ளிகள் சேர்ந்தால் அனுமதிப்பத்திரம் இடைநிறுத்தப்படும். 800 திர்ஹம் எப்படியோ கட்டிவிடலாம். புள்ளிதான் பயம். நான் இங்கே சாரதி. அனுமதிப்பத்திரம் போனால் வேலை போகும், வேலை போனால் விசா போகும். நம் நாட்டிலும் புள்ளி முறையைப் பற்றி எத்தனையோ வருடமாகப் பேசுகிறார்கள்.

மணி_அடித்தால்_நிறுத்துவேன் | வெள்ளி, காலை 5.20

இருபத்தெட்டு வருடம் தனியார் பஸ் ஓட்டினேன். இப்போது முழங்கால் விடவில்லை, வீட்டில் இருக்கிறேன். மகள்தான் இந்தப் பக்கத்தைக் காட்டினாள்.

தங்கச்சி, கோபித்துக்கொள்ளாமல் ஒன்று கேட்கிறேன். அந்த வேன்காரரை அழைத்தது யார்?

ஏன் கேட்கிறேன் என்றால், நான் பஸ் ஓட்டிய காலத்தில் ஒருநாளும் நானாக யாரையும் அழைத்ததில்லை. அழைப்பு வந்துகொண்டே இருக்கும். முதலாளி அழைப்பார், 'இன்றைக்கு எவ்வளவு?' முன்னால் போகும் பஸ்காரன் அழைப்பான், 'எங்கே நிற்கிறாய், பின்னால் வருகிறவன் நெருங்கிவிட்டானா?' நேரம் குறிப்பவர் அழைப்பார், 'மூன்று நிமிடம் பிந்திவிட்டாய்.' எடுக்காவிட்டால் மாலையில் கணக்கு ஒப்படைக்கும்போது பேச்சு வாங்க வேண்டும். இரண்டு நாள் எடுக்காவிட்டால் மூன்றாம் நாள் பஸ் வேறொருவன் கையில் இருக்கும். நாள் முடிவில் முதலாளிக்கு ஒரு தொகை, டீசலுக்கு ஒரு தொகை, மிச்சம்தான் எனக்கும் நடத்துனருக்கும். அந்த மிச்சத்துக்காக ஓடுகிறவனைப் பொலிஸ் பிடிக்கும். தண்டத்தையும் அவன்தான் கட்டுவான். அழைத்தவர் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருப்பார்.

பேசியது சரி என்று சொல்லவில்லை. ஒரு தடவை பம்பலப்பிட்டிச் சந்தியில் பேசிக்கொண்டே ஒரு சைக்கிளை உரசிவிட்டேன். அந்தப் பையன் கீழே விழுந்து, எழுந்து, முதலில் தன் சாப்பாட்டுப் பெட்டியைத்தான் தேடினான். அன்றிலிருந்து போனை நடத்துனரிடம் கொடுத்துவிடுவேன்.

காக்கி_கழற்றியவன் | வெள்ளி, காலை 8.05

போக்குவரத்துப் பிரிவில் பதினெட்டு வருடம் கடமையாற்றினேன். பிடிக்கிறார்களா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். பிடிக்கிறார்கள். ஆனால் போன் பேசுகிறவனைப் பிடிப்பது, தலைக்கவசம் போடாதவனைப் பிடிப்பது போல் அல்ல.

சந்தியில் நிற்கும் உத்தியோகத்தரை சாரதி ஐம்பது மீற்றர் முன்பே பார்த்துவிடுவான். போன் மடியில் விழும். நிறுத்திக் கேட்டால், 'சேர், நான் காதைச் சொறிந்தேன்' என்பான். அவன் நீதிமன்றம் போகிறேன் என்றால், உத்தியோகத்தர் சாட்சி சொல்ல ஒரு நாளை விட வேண்டும். அவர் சொல்லுக்கு எதிராக இவன் சொல். கறுப்புக் கண்ணாடி ஒட்டிய வாகனம் என்றால் உள்ளே இருப்பது ஆணா பெண்ணா என்றே தெரியாது. இப்போது இன்னொரு சிக்கல்: பேசுகிறவனைவிடத் தட்டச்சு செய்கிறவன் அதிகம். அவன் கை ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும். சீருடையில் சந்தியில் நிற்பவனுக்கு அது தெரியவே தெரியாது. பஸ்ஸின் உயரத்திலிருந்து பார்க்கும் பயணிக்குத்தான் தெரியும்.

அதனால்தான் 2025 தொடக்கத்தில் தூரப் பயண பஸ்களில் சிவில் உடையில் உத்தியோகத்தர்களை ஏற்றியது சரியான வேலை என்று நினைக்கிறேன். அதே காலத்தில் பொதுமக்கள் வீதிக் குற்றங்களை அனுப்ப இ-டிரஃபிக் செயலியும் வந்தது. தங்கச்சி முறைப்பாடு செய்ய விரும்பினால் வழி இருக்கிறது.

பத்திரக்கட்டு | வெள்ளி, காலை 9.30

மருதானைத் தம்பிக்கு. 25,000 ரூபாக் கதை எங்கிருந்து வந்தது என்று நினைவிருக்கிறதா? 2016 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் ஆகக் குறைந்த தண்டத்தை 2,500 ரூபாவாக்கும் யோசனை வந்தது. அதைத் தொடர்ந்து ஏழு குற்றங்களுக்கு மட்டும் 25,000 என்று அறிவித்தார்கள். மது அருந்தி ஓட்டுவது, அனுமதிப்பத்திரம் இல்லாமல் ஓட்டுவது, அனுமதிப்பத்திரம் இல்லாதவரைச் சாரதியாக அமர்த்துவது, காப்புறுதி இல்லாமல் ஓட்டுவது, அதிவேகம், இடப்பக்கத்தால் முந்துவது, ரயில் கடவையில் விதி மீறி நுழைவது. தனியார் பஸ் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்ததையும் மறந்திருக்கமாட்டீர்கள்.

அந்த ஏழில் கைபேசி இல்லை. மது இருக்கிறது, போன் இல்லை. 2006இல் யூட்டா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இரண்டையும் ஒப்பிட்டு வெளியிட்டார்கள். ஓட்டுவது போன்ற பயிற்சிக் கருவியில் ஆட்களை அமர்த்திப் பார்த்ததில், போன் பேசியவர்கள் பிரேக் பிடிக்கத் தாமதித்தார்கள். மொத்தத்தில் அவர்களுடைய தடுமாற்றம், இரத்தத்தில் 0.08 வீதம் மது இருந்தவர்களுடையதைவிடக் குறைந்ததல்ல என்று கண்டார்கள். ஹேன்ட்ஸ்பிரீயில் பேசினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. போன் பயன்படுத்துகிற சாரதி விபத்தில் சிக்கும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பட்டியலில் மூன்றாவதாக நான் எழுதியது: அனுமதிப்பத்திரம் இல்லாதவரை *அமர்த்துவது*. அது உரிமையாளர் மேல் விழும் குற்றம். ஸ்டியரிங்கைத் தொடாதவரையும் நம் சட்டம் தொட முடியும். பஸ்கார ஐயா கேட்ட கேள்விக்கு இதில் ஒரு வழி இருக்கிறது.

ஒழுங்கை_வாசல் | வெள்ளி, பிற்பகல் 1.48

பஸ்கார அண்ணா, காலையிலேயே உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டேன். பதில் எழுத இவ்வளவு நேரம் எடுத்தது.

அழைத்தது நான்தான்.

வேன் வழக்கமாக இரண்டரைக்கு வரும். இரண்டு நாற்பது ஆகிவிட்டது. வெயில். 'எங்கே வருகிறீர்கள் மாமா?' என்று கேட்டேன். 'இதோ திரும்புகிறேன் மகள்' என்றார். அவர் திரும்பியது என் கண்ணுக்கு முன்னால் நடந்தது. அவர் காதில் இருந்தது என் குரல். அந்தப் பெரியவர் காலை வைத்தபோது நான் 'சரி மாமா, சரி' என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதை முதல் பதிவில் எழுத எனக்குத் துணிவு வரவில்லை.

மருதானைத்_தம்பி | வெள்ளி, பிற்பகல் 2.10

அப்படியென்றால் அக்கா, மன்னிக்கவும், தண்டத்தில் பாதி உங்களுடையது. அவர் மேல் முறைப்பாடு செய்ய உங்களுக்கு என்ன நியாயம்?

மணி_அடித்தால்_நிறுத்துவேன் | வெள்ளி, பிற்பகல் 3.00

தம்பி, கொஞ்சம் பொறு. அவள் வந்து சொல்லிவிட்டாள். என் முதலாளி இருபத்தெட்டு வருடத்தில் ஒருநாளும் சொல்லவில்லை.

தேம்ஸ்_கரை | வெள்ளி, இரவு 7.25

நான் லண்டனில் இருக்கிறேன், வாகனப் போக்குவரத்து நிறுவனம் ஒன்றில் சட்டப் பிரிவில் வேலை. பத்திரக்கட்டு தொட்ட இடத்தை இன்னும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

இங்கே 2003 டிசம்பர் 1ஆம் திகதி கைபேசித் தடை வந்தபோதே, ஓட்டுபவர் மட்டுமல்ல, ஓட்டும்போது பேச *வைப்பவரும்* அல்லது *அனுமதிப்பவரும்* குற்றவாளி என்று விதியில் எழுதிவிட்டார்கள். அதனால் எங்கள் நிறுவனத்தில் சாரதி வண்டியில் இருக்கும் நேரத்தில் யாரும் அழைக்கக் கூடாது என்று எழுத்தில் கட்டளை இருக்கிறது. அழைக்க வேண்டுமென்றால் அவர் ஓய்வுக்கு நிறுத்தும் நேரத்தைப் பார்த்து அழைக்க வேண்டும். சாரதி மேல் அன்பினால் போட்ட கட்டளை என்று சொல்லமாட்டேன். வழக்கு நிறுவனத்தின் பெயரில் வரும் என்ற பயம்தான்.

சாரதிக்கு 2017 மார்ச் முதல் 200 பவுண் தண்டம், 6 புள்ளிகள். அனுமதிப்பத்திரம் எடுத்து இரண்டு வருடம் ஆகாதவருக்கு அந்த 6 புள்ளிகளோடு அனுமதிப்பத்திரமே போய்விடும். சிவப்பு விளக்கில் நின்றுகொண்டிருந்தாலும் ஓட்டுவதாகத்தான் கணக்கு.

இவ்வளவு இருந்தும் ஓர் ஓட்டை இருந்தது. ஒருவர் வண்டியை ஓட்டிக்கொண்டே வீதியில் நடந்திருந்த விபத்தைப் போனில் படம்பிடித்தார். 2019இல் இங்கிலாந்தின் மேல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி இல்லை என்றது. விதி சொன்னது தொடர்பாடலை, அவர் செய்தது படப்பிடிப்பு. 2022 மார்ச் 25ஆம் திகதிதான் அந்த ஓட்டையை அடைத்தார்கள். இப்போது பாட்டு மாற்றுவதற்காகக் கையில் எடுத்தாலும் குற்றம்.

இரு_சக்கரம் | வெள்ளி, இரவு 11.50

நான் மோட்டார் சைக்கிளில் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்கிறேன். இப்போதுதான் கடைசி ஓர்டரை ஹவ்லொக் வீதியில் கொடுத்துவிட்டு வந்தேன்.

தலைக்கவசத்துக்குள் போனைச் செருகிக்கொண்டு ஓடும் பையன்களைக் கொழும்பு முழுக்கப் பார்த்திருப்பீர்கள். நானும் அப்படித்தான். செருகினால் கன்னம் சுடும், வியர்வை திரைக்குள் இறங்கும். ஆனால் இரண்டு கையும் கைபிடியில் இருக்கும். அதைப் பாதுகாப்பு என்று நம்பியிருந்தேன். பத்திரக்கட்டு அண்ணா எழுதியதைப் படித்த பிறகு அந்த நம்பிக்கை போய்விட்டது.

செயலியில் ஓர்டர் வந்தால் சில வினாடிகள்தான் ஒலிக்கும். ஏற்காவிட்டால் அடுத்தவனுக்குப் போய்விடும். நிறைய விட்டால் நம் மதிப்பெண் குறையும். மழையில், பேஸ்லைன் வீதியில், இடப்பக்கம் லொறி, வலப்பக்கம் பஸ், அந்த நேரம் அது ஒலிக்கும். கை தானாகப் போகும். ஏற்றுக்கொண்ட அடுத்த நிமிடம் வாடிக்கையாளர் அழைப்பார்: 'எங்கே நிற்கிறீர்கள்?' போனில் வரைபடம் இருக்கிறது, நான் எங்கே என்று அவருக்குத் தெரியும். இருந்தாலும் அழைப்பார்.

லண்டன் அண்ணா சொன்ன சட்டம் இங்கே வந்தால் அந்தச் செயலிக்காரர்களையும் தொடுமா? வண்டி நகரும்போது ஒலிக்காமல், நின்றபிறகு மட்டும் ஒலிக்கும்படி செய்ய அவர்களால் முடியும். நான் எவ்வளவு வேகத்தில் போகிறேன் என்பது அவர்களுக்குத் தெரிகிறதே.

தேம்ஸ்_கரை | சனி, அதிகாலை 2.30

தம்பி, நீங்கள் கடைசியில் எழுதிய வரியை யாராவது சட்டம் எழுதுகிறவர்கள் படிக்க வேண்டும்.

புறாக்கூடு | சனி, காலை 7.40

இவ்வளவு பேசுகிறீர்களே, எனக்கு ஒரு தடவை தண்டப் பத்திரம் தந்தபோது கையால் எழுதியது முழுக்கச் சிங்களத்தில் இருந்தது. என்ன குற்றம் என்று தெரியாமலேயே கையெழுத்துப் போட்டேன். தபால் நிலையத்தில் ஒரு அம்மாதான் வாசித்துச் சொன்னார். முதலில் அதைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

பத்திரக்கட்டு | சனி, காலை 8.15

நியாயமான கோபம். அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆம் திருத்தத்திலிருந்து தமிழும் அரசகரும மொழி. என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் விளக்கிச் சொல்லுங்கள் என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்காமல் கையெழுத்திட வேண்டாம். இதற்குத் தனி இழை தொடங்குங்கள், நானும் வந்து எழுதுகிறேன்.

நீலமலை_அடிவாரம் | சனி, காலை 10.20

சிட்னியிலிருந்து. காக்கி ஐயா சொன்ன பிரச்சினையை இங்கே கெமராவால் தீர்த்தார்கள். 2019 டிசம்பரில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் போன் பிடிக்கும் கெமராவை உலகில் முதலாவதாகத் தொடங்கியது. வீதிக்கு மேலிருந்து முன்கண்ணாடி வழியாக மடியையும் சேர்த்துப் படமெடுக்கும். இரவானாலும் மழையானாலும் எடுக்கும். கணினி சந்தேகமான படங்களை ஒதுக்கும், பிறகு மனிதர் ஒருவர் பார்த்து உறுதி செய்வார். தண்டத்தோடு 5 புள்ளிகள், நீண்ட விடுமுறை நாட்களில் இரட்டிப்பாக 10. எங்கே கெமரா இருக்கிறது என்று தெரியாததால், எல்லா இடத்திலும் இருப்பதாக நினைத்துத்தான் ஓட்டுகிறோம்.

கொழும்பிலும் கெமராக்கள் இருக்கின்றனவே?

காக்கி_கழற்றியவன் | சனி, முற்பகல் 11.35

இருக்கின்றன. 2024 ஜனவரி 22ஆம் திகதி முதல் கொழும்பு நகரில் சிசிரிவி பார்த்து வழக்கு எடுக்கிறார்கள். சிவப்பு விளக்கை மீறுவது, தடம் மாறிச் செல்வது எல்லாம் அதில் நன்றாகத் தெரியும். ஆனால் அவை சந்தியைப் பார்க்க வைத்த கெமராக்கள், மடியைப் பார்க்க வைத்தவை அல்ல.

ஆனால் அந்த முறையில் ஒரு நல்லது உண்டு. அறிவித்தல் போவது வாகனத்தின் பதிவு உரிமையாளருக்கு. ஓட்டியது யார் என்று அவர் வந்து சொல்ல வேண்டும். நான் கடமையில் இருந்த காலத்தில் பஸ் உரிமையாளர் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை. நூறு தண்டப் பத்திரம் எழுதினாலும் அவர் வரமாட்டார், சாரதிதான் வருவான். பஸ்ஸிலிருந்து பயணி எடுத்து அனுப்பும் காணொளிக்கும் அறிவித்தல் உரிமையாளர் வீட்டுக்குப் போக வேண்டும். சாரதி பேசிய நேரத்தில் அழைத்த எண் யாருடையது என்றும் கேட்க வேண்டும். அது முதலாளியின் எண் என்றால் அவரும் பதில் சொல்லட்டும். தண்டத்தை 25,000 ஆக்குவதைவிட இது பெரிய மாற்றம் என்பது என் துணிபு. தொகையைக் கூட்டினால் சந்தியில் பேரம் பேசும் தொகையும் கூடும். அதைக் கண்ணால் கண்டவன் சொல்கிறேன்.

மருதானைத்_தம்பி | சனி, நண்பகல் 12.20

ஐயா, பேரம் பற்றிச் சொன்னதை ஏற்றுக்கொள்கிறேன். அதை நான் யோசிக்கவில்லை. ஆனாலும் அழைப்பை எடுத்தது சாரதியின் கைதானே? எடுக்காமல் விட அவருக்கு முடியும். மணிக்கு 50 கிலோமீற்றரில் போனால் வினாடிக்கு ஏறத்தாழ 14 மீற்றர். திரையை ஐந்து வினாடி பார்த்தால் 70 மீற்றர் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியதற்குச் சமம். முதலாளி திட்டுவார் என்பதற்காக 70 மீற்றருக்குள் நடந்துபோகிறவர்கள் சாக வேண்டுமா? இந்த நாட்டில் வருடத்துக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வீதியில் சாகிறார்கள். என் சித்தப்பாவும் அதில் ஒருவர்.

மணி_அடித்தால்_நிறுத்துவேன் | சனி, பிற்பகல் 12.55

தம்பி, சித்தப்பாவைப் பற்றி அறிந்து மனம் வருந்துகிறேன். நீ சொல்வது சரி. எடுத்த கை சாரதியின் கைதான். அதற்கு அவன் தண்டம் கட்டட்டும், நான் தடுக்கவில்லை. அழைத்தவரையும் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்து என்றுதான் கேட்கிறேன்.

ஒழுங்கை_வாசல் | செவ்வாய், இரவு 8.30

நடந்ததைச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

முறைப்பாடு செய்யவில்லை. சனி மாலை வேன் மாமா வீட்டுக்கு நானும் கணவரும் போனோம். நான் அழைத்ததுதான் தவறு என்று முதலில் சொன்னேன். அவர் மேசையில் கிடந்த போனை எடுத்து அன்றைய அழைப்புகளைக் காட்டினார். பகல் ஒன்றரைக்கும் மூன்றுக்கும் இடையில் பதினேழு அழைப்புகள். பதினொரு பிள்ளைகளுக்குப் பதினேழு. நான் இரண்டு தடவை அழைத்திருந்தேன், முதல் அழைப்பு எனக்கு நினைவே இல்லை. 'எடுக்காவிட்டால் பிள்ளைக்கு என்ன ஆனதோ என்று பயந்துவிடுவீர்கள், அதனால்தான் எடுக்கிறேன்' என்றார். அவருடைய மனைவி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, 'நானும் இதைத்தான் வருடக்கணக்காகச் சொல்கிறேன்' என்றார்.

ஞாயிறு அன்று பெற்றோர் எல்லோருடனும் பேசினேன். இரண்டு பேர் சம்மதிக்க நேரம் எடுத்தார்கள். முடிவு இதுதான்: காலை 6.15 முதல் 7.30 வரையும், பகல் 1.30 முதல் 3.00 வரையும் வேன் மாமாவை ஒருவரும் அழைப்பதில்லை. போன் அவருடைய மனைவியிடம் இருக்கும். வேன் பழுதானாலோ வீதி மூடப்பட்டாலோ மாமா ஓரமாக நிறுத்திவிட்டு, வேனிலேயே வைத்திருக்கும் பழைய பட்டன் போனில் மனைவியை அழைப்பார். அவர் எங்களுக்குத் தகவல் அனுப்புவார். ஓட்டும்போது மாமா பேசுவதை யாராவது கண்டால் காணொளியோடு முறைப்பாடு செய்வோம் என்பதையும் அதே தாளில் எழுதினோம். அவரே கையெழுத்திட்டார்.

இன்று வேன் ஒன்பது நிமிடம் பிந்தியது. முனையில் என்னோடு இன்னும் இரண்டு தாய்மார் நின்றார்கள். ஒருவர் போனை எடுத்தார், பிறகு பையில் போட்டுவிட்டார்.

இரு_சக்கரம் | செவ்வாய், இரவு 11.58

அக்கா, அந்தத் தாளைப் படமெடுத்து இங்கே போட முடியுமா? என் தங்கையின் பிள்ளைகள் தெஹிவளையில் வேறொரு வேனில் போகிறார்கள்.

ஒழுங்கை_வாசல் | புதன், காலை 6.05

பெயர்களை மறைத்துவிட்டு இன்று மாலை போடுகிறேன் தம்பி. சிங்களத்திலும் ஒரு பிரதி எழுதியிருக்கிறோம், பதினொரு பிள்ளைகளில் நான்கு பேர் சிங்கள வீட்டுப் பிள்ளைகள். இரண்டையும் போடுகிறேன்.